எதிர்முகம்

அந்த மரபணுவைத் திருப்பி வைத்தது நான்தான்.
எழுத்தொன்றும் மாறவில்லை. அதே நீளம், அதே புரதம்.
முகம் மட்டும் மறுபக்கம்.
காலங்காலமாய் ஓட்டத்தோடு ஒரே திசை பார்த்து
உட்கார்ந்திருந்தது, பாவம்.

கொலாபாவில் கடல் தெரியாத மூன்றாம் மாடி.
இரவு இரண்டேகால்.
இருபது நிமிடத்துக்கொரு முறை
குடுவையின் கலங்கலை அளக்கிறேன்.
கையுறை கழற்றாமலே
மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறாள் லோர்னா.

உள்ளே இருப்பது ஒரே பாதை.
நகலெடுப்பவன் நொடிக்கு ஆயிரம் எழுத்து ஓடுகிறான்,
பிரியப்போகும் இருவருக்கும் முழு ஏடும் வேண்டும்.
படித்து எழுதுபவனுக்கு இன்றைய பத்தி போதும்.
ஐம்பது எழுத்து, நிதானம்,
பின்னால் நீளும் ஈரச் சீட்டு.
ஒரே பக்கம் போனால்
வேகக்காரன் முதுகில் முட்டுவான், முனகுவான்,
எப்படியோ தாண்டிவிடுவான்.
நேருக்கு நேர் என்றால்

தாராவியில் எங்கள் சந்து.
போன ஞாயிறு, சிலிண்டர் தோளோடு அவர்,
இடுப்புக் குடத்தோடு நான்.
"பாஜூ, பாஜூ" என்கிறார்.
எந்தப் பக்கம் ஒதுங்க? பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே.
பதினொரு வாசல் பின்னோக்கி நடந்தேன்,
ஒவ்வொரு வாசலிலும் யாரோ சிரித்தார்கள்.
குடத்தில் கால்வாசி போச்சு.

செல்லுக்குள் அப்படிப் பின்னால் நடக்க
யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை.
முட்டி நிற்கிறார்கள்.
சீட்டு இழையோடு ஒட்டி, முறுக்கி, முடிச்சாகிறது.
அதைச் சுரண்டி எடுக்கவென்றே ஒரு நொதி உண்டு.
ஒரு தட்டில் அதையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம்.

விடிந்ததும் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தேன்.
நொதி இல்லாத தட்டு கழுவி வைத்ததுபோல் வெறிச்.
நொதி இருந்ததில் தாமதமாய், சிறுத்து,
ஊசி குத்தியது போன்ற புள்ளிகள்.
ஓரத்தில் மட்டும் ஒன்று
திரண்டு, பளபளத்து, மிளகு அளவில்.

மோதிய இடத்தில் நகல் பிழைத்து
ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.
அல்லது

கண்ணைக் கசக்கியபடி எட்டிப்பார்த்தாள் லோர்னா.
"வெளியிலிருந்து விழுந்த அழுக்கா?"
தெரியவில்லை என்றேன்.
பல்குச்சியால் மெல்லத் தொட்டு
புதுக் குழாய்க்குள் போட்டேன்.
தேதி எழுதினேன். பெயர் எழுதுமிடத்தை
விட்டுவைத்தேன்.