ஆட்டாம வைங்க

எண்பதாம் நம்பர் உப்புத்தாள் என்பது
மூன்று நாள் மழிக்காத என் தாடை.
நூற்றிருபது, காசிமேட்டுச் சுறாவின் தோல்,
வாலிலிருந்து தலைக்குத் தடவினால்.
தலையிலிருந்து வாலுக்கென்றால் நானூறு.
ஒரே மீன்தான்.
கை போகிற திசை வேறு.
ஆயிரம், தண்ணி ஊற்றித் தேய்ப்பது.
அதற்கு உவமை இன்னும் அகப்படவில்லை.
கௌசல்யாவைக் கேட்டால்
அவள் முழங்கையின் உள்பக்கம் என்பாள்.

தண்டையார்பேட்டை, எண்ணூர் ஹைரோடு.
கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற முனையில்
எங்கள் டிங்கரிங் பட்டறை.
கடற்காற்றின் உப்பு பாதித் தகரத்தைத் தின்னும்,
மீதியை லாரி இடிக்கும்.

ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை
இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார்.
வெள்ளை வேன், இடது கதவு.
குனிந்து பார்த்தார், செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"பள்ளமே இல்லையே, இதுக்கா கிளெய்ம்?"
அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது.

உள்ளங்கையைக் கதவின்மேல் வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
"வழவழன்னுதான் இருக்கு."
வச்சா சூடுதான் சார் தெரியும். நகர்த்துங்க.
நகர்த்தினார், மேஜை துடைக்கிற வேகத்தில்.
மெதுவா.
அழுத்தாதீங்க.
என் பழைய பனியன் துணியை
அவர் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் போட்டேன்.
வெறும் தோல் ஒட்டிக்கொள்ளும்,
ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்.
துணிக்கு அந்தப் பாசம் கிடையாது.

கைப்பிடிக்கு ஒரு ஜாண் கீழே
அவர் கை நின்றது.
பின்னால் போனது. மறுபடி வந்தது.
"அட" என்றார்,
இருட்டில், இல்லாத படியில் கால் வைத்தவர் போல.

அதோடு விட்டிருக்கலாம்.
பானெட், வலது கதவு, பின்சக்கரத்தின் வளைவு என்று
துணி ஊர்ந்துகொண்டே போனது.
கண்ணை வேறு மூடிக்கொண்டார்.
வளைவில், தை மாதம் அவசரத்துக்கு
நான் அப்பி மூடிய பட்டி
மூன்று கோட் பெயின்டுக்கு அடியில்
மூச்சுவிடாமல் கிடந்தது.
"இது என்ன, ஏகாம்பரம்?"

பில்லில் நாலாயிரம் போச்சு.
மஸ்தான் பாய் சத்தம் போடவில்லை.
"வாய வச்சிக்கினு சும்மா இருந்தா இன்னாடா" என்றார்.
வாய் இல்ல பாய்.
கை.

சனிக்கிழமை ரேஷன் கடை.
கட்டைவிரலை மெஷினில் வைத்தேன், சிவப்பு விளக்கு.
சட்டையில் துடைத்து வைத்தேன், சிவப்பு.
இடது கை. அதுவும்.
பதினேழு வருஷமாகத் தகரத்தைத்தான்
தேய்க்கிறோம் என்றிருந்தேன்.
"ரேகையே இல்லியேண்ணா" என்றாள் பில் போடுகிற பெண்.
"ஆட்டாம வைங்க."
பின்னால் பாமாயில் கேனோடு ஒருவர் உச்சுக்கொட்டினார்.

ஆட்டாமல் வைத்தேன்.
என்னைத் தெரியாது என்றது கண்ணாடி.
நானும் அப்படியே சொல்லியிருப்பேன்,
அசையாமல் கிடப்பதை யாருக்குத் தெரியும்?

அவள் ரிஜிஸ்டரைத் தேடிய நேரம்
விரலை ஒரு நெல் நீளம் நகர்த்தினேன்.
அரிசித் தவிடு. சர்க்கரைக் கை வைத்த பிசுக்கு.
இடது ஓரத்தில், குறுக்கே,
மயிரளவு ஒரு கீறல்.

அடுத்த மாதம் நூறு மெஷினை வரிசையாக வைக்கட்டும்,
கண்ணை மூடிக்கொண்டு
இது இன்னார் என்று சொல்வேன்.