ஏழும் ஒன்பதும்

நான்கு பிளக்கையும் பழைய துண்டில் சுற்றி
சோதனைச்சாலைக்குச் சீசா கொண்டுபோகிறவனைப் போல
ஹொன்மா சானின் கடைக்குக் கொண்டுபோனேன்.
முரோரானில் அன்று பனி விழவில்லை,
கடல்மூட்டம்தான்.
உருக்காலையின் புகைபோக்கி பாதிக்குமேல் காணோம்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒன்றைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள்.
"நான்குமே பத்தா?"
"இவாபுச்சி போட்டது. எனக்கு விற்றவன்.
தொகாச்சி ஓடுதளத்தில் ஓட்டினவன்."

பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ச்சி.
யாரிடம் சொன்னாலும் தலைகீழாய் இருக்கிறதே என்பார்கள்.
ஏழு, சூட்டைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளும்.
பத்து, வந்த சூட்டை வந்த வேகத்தில்
இரும்புக்குக் கைமாற்றிவிடும்.
எட்டாயிரம் சுற்றில் எரிகிறவனுக்கு அதுதான் உயிர்.
உருட்டிக்கொண்டு போகிறவனுக்கு
அதுவே கரி.

"எப்படி ஓட்டுவீர்கள்?"

"வேகமாகத்தான்."

அவள் மறுக்கவில்லை.
நாளிதழை விரித்து
நான்கையும் வரிசையாகப் படுக்கவைத்தாள்.
நான்கின் முகத்திலும் கரி பூசியிருந்தது.
என் முகத்தில் பூச
தனியாக ஆள் வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலிருந்து ஆலைக்குப் பதினொரு நிமிடம்.
ஐந்து சிக்னல்.
எஞ்சின் சூடேறுமுன் அணைத்துவிடுவேன்,
இரவு ஷிஃப்ட் முடிந்தால் திரும்ப அதே பதினொன்று.
போன செவ்வாய் காலை
வாசலில் அத்தனை பேரும் பார்த்திருக்க
பெட்ரோலை விழுங்கிவிட்டுப் பல்லிளித்தது,
மஞ்சள் வண்டி, இருநூற்று ஐம்பது குதிரை.
மசகாத்சுவின் தக்காளிப் பெட்டி வேனில்தான்
வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரேயொரு முறை, ஆகஸ்டில், விடியுமுன்,
ஹகுச்சோ பாலத்தின் மேல்
மிதியைத் தரையோடு அழுத்தினேன்.
ஒன்பது நொடி இருக்கும்.
அந்த ஒன்பது நொடிக்காக
மூன்று வருடம் நான்கு பத்து.

தொகாச்சிக்கு ஒருநாள் போவேன் என்று
வாங்கும்போது இவாபுச்சியிடம் சொன்னேன்.
ஐம்பத்துமூன்று வயதுக்காரன் சொல்கிறானே என்று
அவன் சிரிக்கவில்லை.
கழற்றாமல் அப்படியே விட்டுக்கொடுத்தான்.
அது மரியாதையா, சோம்பலா,
இன்னும் தெரியவில்லை.

"இரிடியம்?" என்றேன், கெளரவத்துக்கு.
"கரி பிடித்தால் தங்கமும் கரிதான்.
சாதாரணமே போதும். கீழே ஏழு, மேலே ஒன்பது.
கம்பெனிக்காரன் முட்டாள் இல்லை."

சுழலும் முக்கோணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொறி.
கீழே இருப்பது முந்தும்.
மேலே இருப்பது ஒரு மயிரிழை பிந்தி வந்து
முந்தியது விட்டதைப் பொறுக்கி எரிக்கும்.
இடம் மாற்றிப் போட்டால் தவறு.
தவறு உடனே தெரியாது என்பதுதான்
அதிலுள்ள தொல்லை.

சனிக்கிழமை, கதவைப் பாதி தூக்கி,
ஆறிய எஞ்சினின் மேல் கவிழ்ந்து படுத்தேன்.
ரப்பர் குழாய்த் துண்டில் செருகி
விரலால் மட்டும் திருகினேன்,
மரை தானாகக் கவ்வும்வரை.
முறுக்குச் சாவி அதற்கப்புறம்.
பெட்டியிலிருந்த எழுத்தை மூன்றுமுறை படித்தேன்,
குழந்தைக்கு மருந்து ஊற்றுகிறவனைப் போல.

முதல் திருப்பில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் இருமல்.
மூன்றாவதில் பிடித்தது.
எதிர்வீட்டுக் குசாகாவின் திரை விலகி
மூடிக்கொண்டது.

ரசீதின் பின்புறம் ஹொன்மா சான் எழுதியிருந்தாள்:
சூடேறாமல் அணைக்காதீர்கள்.
ஆகவே இப்போது ஆலைக்குப்
பாலம் சுற்றிப் போகிறேன்.
இருபத்துமூன்று நிமிடம். வேகம் அறுபது.

பெட்ரோலில் கழுவிய பத்துகள் நான்கும்
முன்பெட்டிக்குள் கிடக்கின்றன.
வளைவுகளில் ஒன்றோடொன்று இடித்துச் சத்தமிடும்.
துணி சுற்றி வைக்கலாம்.
வைக்கவில்லை.