குரல் பிந்தி வரும்

எழுபத்தைந்து சதம் கலரி.
முன் வாங்கில் மூட்டைப்பூச்சி.
திரையின் நடுவே ஒரு கிழிசல்,
கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள்;
பாலைவனத்துக் குதிரைகள் எல்லாம்
அந்தத் தையலைத் தாண்டித்தான் ஓடின.

இத்தாலிக்காரன் எடுத்த கௌபாய் படம்.
அது எங்களுக்குத் தெரியாது.
வாய் முதலில் அசையும், குரல் பிந்தி வரும்,
அமெரிக்காவில் அப்படித்தான் பேசுவார்களாக்கும்
என்று இருந்துவிட்டோம்.

டச்பார் ஒஸ்வல்ட் செல்லர் மட்டும்
கொள்ளைக்காரர் பேசுகையில் காதைத் தீட்டுவான்.
"எங்கட வீட்டுப் பாஷைதான் மனே,
பறங்கிக் கதை. எனக்கு விளங்கும்."
ஒவ்வொரு சாவுக்கும் விளக்கம் சொன்னான்:
"கடைசியாத் தாய்ட பேரச் சொல்லிற்றுச் செத்தான்."
நாங்கள் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம்.

என்ன பிடித்தது என்று கேட்டால்
உள்ளதைச் சொல்கிறேன்.
சூட்டுக்கு முந்திய அந்த நேரம்.
ஒரு சோடிக் கண் திரை முழுக்க.
இமைமயிரில் தூசி. மூக்கில் ஒரு ஈ.
மறுகா மற்றவன் கண்.
மறுகா கை. மறுகா கண்.
எங்கோ ஒருவன் சீட்டியடிப்பான்,
எங்கோ மணி அடிக்கும்.
நல்லவன் என்று ஒருத்தனும் இல்லை,
பிந்திச் சுடுகிறவன்தான் கெட்டவன்.
பள்ளியில் ஆத்திசூடி, கோயிலில் தேவாரம்,
வீட்டில் பூவரசங்கம்பு,
எல்லாவற்றிலும் இருந்து
இரண்டரை மணித்தியால விடுதலை.

முகத்துவார மணலில் விளையாடினோம்.
சாரத்தின் நடுவே ஓட்டை வெட்டித் தலையை விட்டு
(அதற்கு வாங்கிய அடி வேறு)
வாயில் தீக்குச்சி, பத்தடி தூரம்.
பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.
இமைத்தவன் செத்தான்.
எப்போதும் செத்தவன் குணாளன்.
அவனுக்கு இடது கண் தானாய்த் துடிக்கும்.
விழும்போது மட்டும் எங்களைவிட வடிவாய் விழுவான்,
மண் வாய்க்குள் போக,
கால் ஒருதரம் உதற.

சூறாவளி தியேட்டர்க் கூரையைக் கொண்டுபோனது.
ஒஸ்வல்ட் குடும்பம் அவுஸ்திரேலியா போனது.
துவக்கு வந்தது.
சிலபேர் அதைப் பிடித்த விதத்தில்
கலரியைக் கண்டேன்:
இடுப்பைச் சரித்து, ஒரு கண்ணைச் சுருக்கி.
படம்தான் அவர்களை அனுப்பியது என்று
சொல்லமாட்டேன்.
அனுப்பியது வேறு. நிற்கப் பழக்கியது படம்.

தொண்ணூறில் ஒரு வெள்ளாப்பு,
மைதானத்தில் வரிசை.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய தலை,
சாக்கில் இரண்டு ஓட்டை.
ஒவ்வொருவராய் முன்னால் நிறுத்தினார்கள்.
சீட்டி இல்லை. மணி இல்லை.
காகமும் எஞ்சின் சத்தமும்.
என் முறை.
ஒரு சோடிக் கண், மூன்றடி தூரம்.
சணல் நாரில் தூசி.
இடது கண் துடித்தது.

நான் இமைக்கவில்லை.
அவன் இமைத்தான்.
தலை ஆடவில்லை.
"போ" என்றான் ஆமிக்காரன்.
எனக்குப் பின்னால் நின்றது நேசதுரை,
தச்சுவேலை, தியேட்டர் வாசலே மிதிக்காதவன்.
திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்,
படத்தில் போவதைப் போலவே.
லொறிக் கதவு சாத்துவது கேட்டது.

இப்போதும் பார்க்கிறேன் அந்தப் படங்களை,
கல்லடியில், ராத்திரியில், போனில்,
சத்தத்தைக் குறைத்து.
இப்போதும் பிடிக்கிறது.
"அந்த ஈய ஒருக்கா அடிச்சுக் கலைச்சா என்ன அவன்"
என்று திரும்பிப் படுப்பாள் மயில்வதனி.

போன கிழமை மெல்பனிலிருந்து ஒஸ்வல்ட்,
வீடியோவில், பல் கட்டிய வாயோடு.
"அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் பொய்டா.
ஒரு சொல்லும் விளங்கல்ல எனக்கு."
முகம் சிரித்தது. சிரிப்பு பிந்தி வந்தது.
லைன் இழுத்தது.
திரும்பவும் வாய் அசைந்தது:
உதடு குவிந்தது, பிறகு அகலத் திறந்தது,
நாக்கு மேலே மடிந்தது.
எனக்கு அந்தப் பெயர் தெரியும்.
குரல் இன்னும் கடலுக்கு மேலே எங்கோ வருகிறது.
அது வந்து சேரும்வரை
அவன் கண்ணையே பார்த்தபடி
போனைப் பிடித்திருக்கிறேன்.