வலது மேல் மூலை

மாங்குளம் பால் சேகரிப்பு நிலையத்தில்
தகரக் கூரைக்குக் கீழே
மேசையோடு சங்கிலி போட்ட ஒரு டப்லெட்.
அதன் திரையில், வலது மேல் மூலையில்
நான் வைத்தது ஒரு புள்ளி.
பச்சை என்றால் உள்ளே. சாம்பல் என்றால் வெளியே.
மிளகளவு.
அழகாய்த்தான் இருந்தது, கிளிநொச்சியில்,
திரைச்சீலை இழுத்துவிட்ட என் அறையில்.

மாதக் கடைசியில் ஜெயவதனி வந்தாள்,
கொப்பியோடு.
இருபத்தாறு நாள், நாளுக்குப் பதினொரு லீற்றர்,
கன்று நோயாய்க் கிடந்த இரண்டு நாள் மட்டும் ஏழு.
அத்தனையும் இரத்தினசபாபதியின் கணக்கில் ஏறியிருந்தது.
அவர்தான் முதல் ஆள், ஐந்தரைக்கே.
அளப்பார், பதிவார், கானைச் சைக்கிளில் கட்டுவார்,
போய்விடுவார்.
படலை சாத்தாத வளவு மாதிரி
அவர் கணக்கு திறந்தபடி கிடக்கும்.
பின்னால் வந்தவள் அதற்குள் போய்
தன் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறாள்,
ஒவ்வொரு நாளும்.

'நான் உள்ள நிக்கிறனோ வெளிய நிக்கிறனோ,
நானாய் நிக்கிறனோ இன்னொராளாய் நிக்கிறனோ
எண்டதை இந்தப் பெட்டியெல்லோ சொல்லோணும்?'
கோபப்படவில்லை அவள்.
கோபப்பட்டிருக்கலாம்.

புள்ளியைக் காட்டினேன்.
வெயில் கண்ணாடியில் விழுந்து
என் முகம்தான் தெரிந்தது.
எட்டிப் பார்த்த இரத்தினசபாபதி
தனக்குப் பச்சையும் சாம்பலும் ஒன்று என்றார்,
பிறந்ததிலிருந்து.
நெல் விளைந்ததை மணத்தில்தான் பிடிப்பாராம்.
காசை அவள் கையில் எண்ணி வைத்தார், சில்லறை வரைக்கும்.

அன்றிரவு புள்ளியை அழித்தேன்.
அந்த இடத்தில் பெயர், தடித்த எழுத்தில், முழுசாய்:
'இப்போது கணக்கில் இருப்பவர் ஜெயவதனி குகநேசன்.'
கொழும்பிலிருந்து துவாரகன் எழுதினான்:
இடம் வீண், உலகம் முழுக்கப் புள்ளிதான்.
உலகம் முழுக்க மாங்குளத்து வெயிலில் பால் அளக்கிறதா
என்று கேட்டேன்.
'ம்' என்றொரு பதில்.

'வெளியேறு' பட்டனில் மாட்டுப்பட்டேன்.
அகராதிக்குச் சரி.
ஆனால் அது நான் ஏழாம் ஆண்டில்,
உழவு மெசின் பெட்டியில், பாத்திரங்களுக்கு நடுவில் இருந்து
ஒலிபெருக்கியில் கேட்ட சொல்.
கடைக்குப் போகிறவர்கூட இங்கே
'போறன்' என்று சொல்வதில்லை.
ஆகவே: 'போட்டு வாறன்.'
எழுத்துத் தமிழ் இல்லை, துவாரகனுக்குப் பிடிக்காது.
வைத்தேன்.

அதை அமத்தியதும் திரை வெறுமையாகும்.
'இங்கு ஒருவரும் இல்லை' என்று எழுதி,
பார்த்துக்கொண்டிருந்து,
அழித்தேன்.
'அடுத்த ஆள் வரலாம்.'

மிஞ்சியது இன்னொரு நிலை.
ஒலுமடுப் பக்கம் மழை கறுத்து
சிக்னல் போய்விட்டால்
ஆள் உள்ளேயா வெளியேயா என்று
இயந்திரத்துக்கே தெரியாத நேரம்.
பழைய நிரலில் அதை 'வெளியே' என்று பதிந்திருந்தோம்.
தெரியாததை இல்லை என்று எழுதிக்கொள்ளும் படிவங்களை
எனக்குத் தெரியும்.
அப்படியொன்றில் ஒப்பம் வைக்காமல்
அம்மா பேனையைத் திருப்பிக் கொடுத்தபோது
பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.
'இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.'
கூடவே சுற்றுகிற வளையம் ஒன்றும் வைத்தேன்,
பிறகு எடுத்துவிட்டேன்.
தலை சுற்றியது.

திங்கள், ஐந்தே முக்கால்.
சைக்கிளில் ஏறிவிட்ட இரத்தினசபாபதி
இறங்கி வந்து பட்டனை அமத்தி
'போட்டு வாறன்' என்று வாயாலும் சொன்னார்,
டப்லெட்டுக்கு.

தன் பெயர் வரும்வரை ஜெயவதனி கானைத் திறக்கவில்லை.
வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
'மாடு என்ர. கணக்கும் என்ர.
அவற்ற பேரை எடுத்துவிடுங்கோ.'
எடுக்கிறேன் என்றேன்.
கானைச் சரித்தாள்.
பதினொன்று தசம் நான்கு.