எத்தனை மட்டும்

ஃப்ளோரென்சியாவில், ஏ.சி. ஒழுகும் ஓட்டல் அறையில்
மூன்று நாள் பயிற்சி.
பொகோட்டாவிலிருந்து வந்த மேடம் சொன்னார்:
"யார் என்று கேட்காதீர்கள். எத்தனை என்று மட்டும்.
எண்ணைப் பிடித்துக்கொண்டு
யாரும் யார் கதவையும் தட்ட முடியாது."
கைதட்டினோம். மதியம் கோழிக்கறி.

பிறகு ககுவான் ஆற்றில் ஆறு மணிநேரம்.
படகுத்துறையில் வேலையில்லாமல் நின்ற ஒருவன்
என் காலணியை நெடுநேரம் பார்த்தான்.
அவனும் கணக்கெடுக்கிறான்.

என் பட்டியலில் பதினேழாவது வீடு.
டோன்யா ஒடிலியா மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள்.
அட்டையைப் படித்தேன்:
இந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்,
பாதிரியார்,
கொசுமருந்து அடிப்பவர்,
மாட்டு வியாபாரி,
மலையிலிருந்து இறங்கும் பையன்கள்.
யார் என்று வேண்டாம். எத்தனை?

கத்தி நிற்கவேயில்லை.
"நாலு."

பயிற்சியில் யாரும் நாலு சொல்லவில்லை.
ஒன்றில் ஒளியலாம். இரண்டில் ஒளியலாம்.
மூன்றில்கூட ஒண்ட ஒரு மூலை உண்டு.
நாலு வெட்டவெளி.

"சரியாக எண்ணினீர்களா, டோன்யா?"

"பாதிரியாருக்கு முட்டை ஆகாது.
மருந்துக்காரர் இரண்டு தட்டு.
மாட்டுக்காரன் குறை சொல்லிக்கொண்டே தின்றான்."
தோலைக் கோழிகளுக்கு எறிந்தாள்.
"பட்டாளமும் வந்தது, ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
இதே பானைதான்.
அது உன் அட்டையில் இல்லையே?
சேர்த்துக்கொள், ஐந்து."

ஆதரவு என்று தலைப்பிட்ட பத்தி
என் முழங்காலில் கிடந்தது.
துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒருவன் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டால்
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

நல்லவேளை, பென்சில்தான் கொடுத்திருந்தார்கள்.
நாலை அழித்தேன். அழித்த இடத்தில் தாள் மெலிந்து
அடியிலிருந்த என் தொடை தெரிந்தது.
மூன்று என்று எழுதினேன்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடி.
சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும், உதடெல்லாம் வெடிப்பு.
எச்சில் தொட்டுத் தொட்டுத் தாள்களைப் புரட்டினான்.
"இதெல்லாம் என்ன எண்?"
"விருந்தாளிகள்" என்றேன்.
அவன் சிரித்தான். அவனும் அங்கே சாப்பிட்டிருக்கலாம்.

அக்டோபரில் மறுபடி அதே ஓட்டல், அதே ஒழுகல்.
திரையில் பச்சைப் பட்டைகள்.
முந்நூற்று நாற்பது வீடுகளில்
ஒரு நாலுகூட இல்லை என்றார் மேடம்,
வியப்பாக இருக்கிறதாம்,
இந்தப் பக்கம் ஆதரவு நினைத்ததைவிடக் குறைவாம்.

மேசையைச் சுற்றி நாங்கள் பதினோரு பேர்.
சர்க்கரை போடாத காப்பியை
கலக்கிக்கொண்டேயிருந்தோம்.