இரண்டாம் கோடு

ஒரு பக்கத்துக்கு நாற்பதாயிரம் குவரானி.
கேட்கத்தான் பெரிய தொகை.
கொன்செப்சியோன் சந்தையில் அதற்கு
ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு மேல் வராது.

ரொசால்பா அனுப்பியது கைப்பேசிப் பதிவு:
யாருடைய கல்யாணமோ, அவளுடைய கிதார்,
இழுபடும் நாற்காலி, ஒரு நாய்,
இருபத்துமூன்றாம் கட்டத்தில்
எவர் கையிலிருந்தோ விழுந்து உடையும் குவளை.
"காகிதத்தில் வேணும், நிமியா.
பதிவு அலுவலகத்தில் காதைக் கழற்றிக் கொடுத்தால்
வாங்கமாட்டார்களாம்.
ஆறு கோடு, மேலே எண்கள். செவ்வாய்க்குள்."

சுரத்தைக் கேட்டு எழுதுவது பாதி வேலை.
மீதிப் பாதி
ஒவ்வொன்றையும் ஒரு தந்தியில் உட்காரவைப்பது.
ஒரே மி ஐந்து இடத்தில் இருக்கிறது:
முதல் தந்தியில் விரலே வைக்காமல்,
இரண்டாவதில் ஐந்தாம் மெட்டு,
மூன்றாவதில் ஒன்பது, நான்காவதில் பதினான்கு,
ஐந்தாவதில், கை எட்டினால், பத்தொன்பது.

மென்பொருளுக்கு இதில் குழப்பமே இல்லை.
யார் ஏறினாலும்
கதவோரத்து இருக்கையைக் காட்டிவிடும்:
சின்ன எண், கை நகராத இடம்.
ஒரே தந்தியில் இரண்டு சுரம் விழுந்தால் மட்டும்
சிவந்து நிற்கும்,
ஒரு சீட்டை இருவருக்குக் கிழித்துவிட்டு
ரொசால்பா விழிப்பது போல.
(அவள் பகலில் ஓர்க்கேத்தா பேருந்தில் நடத்துநர்.)

இருபத்துமூன்று வரை மென்பொருள் சொன்னதே சரி.
பிறகு அவள் ரே தடித்துவிட்டது.
சி நடுங்குகிறது.
விரல் படாத தந்தி நடுங்காதே?
கீழ் அம்பை அழுத்தினேன்,
3 அழிந்து 7 வந்தது.
இன்னொரு சுரம், 1 போய் 5.
சோலும் சியும் சேர்ந்து வரும் இடத்தில்
சி-யை மூன்றாம் தந்திக்கு இறக்க,
அங்கிருந்த சோல் எழுந்து நான்காவதுக்குப் போனது.
தெரெரேயில் பனிக்கட்டி கரைந்தது.
மின்விசிறி இருமுறை நின்று இருமுறை வந்தது.
கட்டம் நாற்பது. அறுபது. எண்பத்தெட்டு.
நிமிர்ந்து பார்த்தால்
இரண்டாம் கோட்டில் ஒரு எண்ணும் இல்லை.
ஆள் ஏறாத நிறுத்தங்களாக
கடைசி வரை வெறும் சாலை.

திரும்பிப் போனேன்.
பாதி வேகத்தில், பத்துத் தடவை.
குவளை என்றால் சில்லு சிதற வேண்டும்.
இதற்குச் சில்லே இல்லை.
அதற்குப் பின் மற்ற ஐந்தும்
மயிரிழை அளவு ஏறி ஒலிக்கின்றன,
தோளிலிருந்து ஒரு சுமை இறங்கினது மாதிரி.

இரவு பதினொன்றரை. எடுத்தாள்.
"ஆமாம், அறுந்தது.
பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் வந்து நின்றாச்சு.
கொஞ்சம் பொறுங்கள், கடைக்குப் போய் வருகிறேன்
என்று சொல்லச் சொல்கிறாயா?
கன்னத்தில் விளாசியது, தெரியுமா,
இரண்டு நாள் கோடு இருந்தது."

எதை எழுதட்டும் என்றேன்.
அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம்.
"ஆறு தந்திக்கு எழுது.
நான் போட்டது அதுதான்.
மற்றதை எவன் வாசிப்பான்?"

அறுபத்தைந்து கட்டத்தையும் மேலே ஏற்றினேன்.
7 மறுபடி 3. 5 மறுபடி 1. 4 மறுபடி 0.
இரண்டையும் ஓடவிட்டேன்.
ஒரு துளி வித்தியாசம் இல்லை.
அதற்கு அறுவதும் தெரியாது, வலிப்பதும் தெரியாது.
அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மெட்டு,
மெட்டுகள் அல்ல.

மூன்று பக்கம், ஒரு லட்சத்து இருபதாயிரம்
என்று பில் எழுதி அனுப்பினேன்.
காலி கோடு உள்ள கோப்பு கணக்கில் வராது.
'குவளை' என்று பெயர் வைத்துச் சேமித்தேன்.

என் கிதாரின் இரண்டாம் தந்தி
மேஜை மேல் சுருண்டு கிடக்கிறது.
நான் கழற்றினது,
அறுந்ததில்லை.
இருபத்தாறாம் கட்டம் வரை வந்திருக்கிறேன்.
அங்கே சுண்டுவிரல் எட்டவில்லை.