கண்ணாடியைக் கழற்றுகிறவள்

வியாழன் எட்டரைக்கு வருவாள்.
சுங்கை நிபோங் வாடகை வீட்டில்
ஏழு பேருக்கு ஒரே டிவி.
பகலெல்லாம் யாருக்கோ தட்டச்சு அடிப்பவள்
ஆபத்தென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள்.
அவ்வளவுதான்,
லாரியை ஒரு கையால் நிறுத்துவாள்.
கீழே மலாய் எழுத்து ஓடும்.
இந்திராணி மட்டும் கேட்பாள்:
"கழட்டுன கண்ணாடிய எங்கடி வைக்கிறா?
அந்த உடுப்புல பையே இல்லையே."

பத்தரைக்குக் கம்பெனி பஸ்.
பாயான் லெப்பாஸில் விடிய விடிய
மைக்ரோஸ்கோப்பில் குனிந்து
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லில் ஒட்டுவோம்.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு.
இந்த டிவிக்குள்ளும் எங்கள் சில் இருக்கலாம்,
அவள் நெற்றிப்பொட்டுக்குப் பின்னால்.

இரண்டாம் வருடம் எனக்கும் கண்ணாடி வந்தது.
முப்பத்தெட்டு வெள்ளி, என் காசு.
"வயசாகுது உனக்கு" என்றார் சூப்பர்வைசர்.
இருபத்தொன்று.

ஒரு வியாழன், தொடர் முடிந்த கையோடு,
சாலையோரம் நின்று கழற்றிப் பார்த்தேன்.
தெருவிளக்கு பஞ்சானது.
எதிர்க்கடைப் பலகை கரைந்து வழிந்தது.
இரண்டு மஞ்சள் வட்டங்கள் வர
பஸ்ஸென்று கை நீட்டினேன்.

கிறீச்சிட்டு நின்றது,
ஐஸ் நீர் சொட்டச் சொட்ட
மீன் லாரி.

"அடியே, கண்ணாடியப் போடு," என்றாள் இந்திராணி,
"டிரைவர் நடுங்குறான்."